ஆல்பனியில் இரண்டு ஆண்டுகள்: பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நல்ல சட்டமன்ற உறுப்பினராக இருந்தாரா?

கரிசல்காடு:
எல்லோருக்கும் வணக்கம். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் என்றாலே 1933-க்குப் பிந்தைய கதையைத்தான் பேசுகிறோம். பொருளாதார வீழ்ச்சி, உலகப் போர், நான்கு முறை வெற்றி. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னால், நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியில், மாநில செனட்டில் இருந்த இளைஞரைப் பற்றி ஒரு விவாதம் வைக்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். 1911 ஜனவரியில் போனார், 1913 மார்ச்சில் விலகினார். மொத்தம் இரண்டே கால் ஆண்டு.

குடும்பத்தைப் பற்றி முதலில். இவருடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா ஐசக் ரூஸ்வெல்ட் 1777-இல் அமைந்த முதல் நியூயார்க் மாநில செனட்டிலேயே உறுப்பினர். 1788-இல் போகீப்சியில் கூடிய மாநாட்டில் அமெரிக்க அரசியலமைப்புக்கு ஒப்புதல் கொடுத்தவர்களில் ஒருவர். தூரத்து உறவில் அண்ணன் முறையாகும் தியோடர் ரூஸ்வெல்ட் 1882 முதல் 1884 வரை நியூயார்க் அசெம்பிளியில், அதாவது மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையில், இருந்தவர், பிறகு ஆளுநர், அதிபர். பிராங்க்ளினின் மனைவி எலினோர் அந்தத் தியோடரின் சொந்தத் தம்பி மகள். 1905-இல் நடந்த திருமணத்தில் தாரை வார்த்துக் கொடுத்தவரே அப்போது அதிபராக இருந்த தியோடர்தான்.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். பெயரும் பணமும் இந்த இளைஞருக்குக் கட்சி மேலிடத்தை எதிர்க்கும் துணிச்சலைக் கொடுத்தன, அதை அவர் நல்ல முறையில் பயன்படுத்தினார். ஆனால் அதே ஆண்டுகளில் ஏழைகளுக்கு உதவிய சட்டங்களைக் கொண்டுவந்தவர்கள் அவர் எதிர்த்த அணியைச் சேர்ந்தவர்கள். உங்கள் கருத்து என்ன?

செவ்வந்தி:
நல்ல தலைப்பு அண்ணா. அவருக்கு சீட்டு கிடைத்த கதையிலிருந்து தொடங்குகிறேன்.

1910-இல் அவர் நியூயார்க் நகரத்தில் ஒரு பெரிய வழக்கறிஞர் அலுவலகத்தில் இளநிலை ஆளாக இருந்தார். சொந்த ஊர் ஹைட் பார்க், டச்சஸ் கவுண்டி. அந்தக் கவுண்டியின் அரசு வழக்கறிஞர் ஜான் மேக் வந்து அசெம்பிளிக்கு நிற்கச் சொன்னார். ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்தவர் விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டார். கடைசியில் கிடைத்தது மாநில செனட் சீட்டு: டச்சஸ், கொலம்பியா, புட்னம் மூன்று கவுண்டிகளும் சேர்ந்த 26-ஆவது தொகுதி. அது பல பத்தாண்டுகளாகக் குடியரசுக் கட்சியின் கோட்டை. ஜனநாயகக் கட்சிக்காரர் யாரும் விரும்பி வாங்குகிற சீட்டு அல்ல. ரூஸ்வெல்ட் என்ற பெயர் குடியரசுக் கட்சி வாக்காளர்களையும் இழுக்கும், தேர்தல் செலவையும் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வார் என்பதுதான் உள்ளூர்க் கட்சிக்காரர்களின் கணக்கு.

அவர் ஒரு சிவப்பு மேக்ஸ்வெல் காரை வாடகைக்கு எடுத்தார். மேற்கூரை இல்லை, முன்கண்ணாடியும் இல்லை. கொடிகளைக் கட்டிக்கொண்டு மண்சாலைகளில் கிளம்பிவிட்டார். எதிரே குதிரை வண்டி வந்தால் குதிரை மிரளும் என்று காரை ஓரங்கட்டி நிறுத்திவிடுவார். நின்ற இடத்தில் வண்டிக்கார விவசாயியிடம் பேச்சுக் கொடுப்பார். கூடவே வந்த அமெரிக்க நாடாளுமன்ற வேட்பாளர் ரிச்சர்ட் கானல் ஒவ்வொரு கூட்டத்தையும் "என் நண்பர்களே" என்று தொடங்குவார். பின்னாளில் நாடே வானொலியில் கேட்ட அந்த விளிப்பு அங்கே பிடித்துக்கொண்டதுதான்.

முடிவு: 15,708 வாக்குகளுக்கு 14,568. வித்தியாசம் 1,140. அந்த ஆண்டு மாநிலம் முழுக்க ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான காற்று அடித்தது உண்மை. ஆனாலும் காற்றை மட்டும் நம்பி வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்தத் தொகுதி விழுந்திருக்காது என்பது என் எண்ணம்.

வழிப்போக்கன்:
செவ்வந்தி, பிரசாரம் சுவையான கதைதான். ஆனால் அந்த 28 வயதில் எத்தனை பேருக்கு இந்த வாய்ப்பு வரும்? அதுவரை எந்தப் பொதுப் பதவியும் வகித்ததில்லை. சட்டத் தொழிலில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. வீட்டு வாசலுக்கு வந்து சீட்டு கொடுக்கிறார்கள்.

அப்புறம் ஆல்பனிக்குப் போனபோது எப்படிப் போனார் என்று பாருங்கள். அன்று மாநில செனட் உறுப்பினரின் ஆண்டுச் சம்பளம் 1,500 டாலர். மற்ற பலர் கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் விடுதியில் அறை எடுத்துத் தங்கி, வார இறுதியில் ஊருக்குத் திரும்புவார்கள். இவர் தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டையே வாடகைக்கு எடுத்தார், மனைவி, மூன்று குழந்தைகள், வேலையாட்கள் சகிதம் குடியேறினார். வாடகைக்குக்கூட அந்தச் சம்பளம் கட்டாது. இந்த நிலையில் இருப்பவர் "நான் எந்தத் தலைவருக்கும் கட்டுப்படமாட்டேன்" என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்? வாரிசு என்ற வசதிதான் அந்தத் துணிச்சல்.

ஏட்டுச்சுவடி:
வழிப்போக்கன் ஐயா, நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதிக்கு ஷீஹன் விவகாரத்தை முழுக்கச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று அமெரிக்க நாடாளுமன்ற செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாநிலச் சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்கும். நியூயார்க்கில் அசெம்பிளி 150 பேர், செனட் 51 பேர். கூட்டு வாக்கெடுப்பில் ஜெயிக்க 101 வேண்டும். ஜனநாயகக் கட்சிக்கு 114 பேர் இருந்தார்கள். ஆக, கட்சி யாரைச் சொல்கிறதோ அவர் செனட்டர். கட்சி என்றால் டமானி ஹால், அதாவது நியூயார்க் நகர ஜனநாயகக் கட்சியைக் கையில் வைத்திருந்த அமைப்பு. டமானி ஹால் என்றால் அதன் தலைவர் சார்லஸ் மர்ஃபி. அவர் கைகாட்டிய ஆள் வில்லியம் ஷீஹன். பஃபலோ நகர அரசியலில் வளர்ந்து, துணை ஆளுநராக இருந்து, பிறகு பெரிய நிறுவனங்களின் வழக்கறிஞராகப் பணம் சேர்த்தவர். அதிபர் குரோவர் கிளீவ்லாந்துக்குப் பஃபலோ காலத்திலிருந்தே பரம எதிரி. பிராங்க்ளினின் அப்பா ஜேம்ஸ் கிளீவ்லாந்தின் ஆதரவாளர். ஐந்து வயது மகனை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப்போய் அவரிடம் காட்டியவர். ஆக இந்த எதிர்ப்புக்கு வீட்டு நினைவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

கட்சி உறுப்பினர் கூட்டத்தில் கலந்துகொண்டால் அதன் பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்பட வேண்டும். அதனால் அதிருப்தி உறுப்பினர்கள் சுமார் இருபது பேர் கூட்டத்துக்கே போகவில்லை. புரூக்ளினைச் சேர்ந்த எட்மண்ட் டெரி போன்ற அனுபவசாலிகள் அந்த அணியில் இருந்தார்கள். புதுமுகமான ரூஸ்வெல்ட்டை முன்னால் நிறுத்தினார்கள். கூடுவதற்கு இடம்? அவருடைய அந்தப் பெரிய வீடு. காலையில் அங்கே கூடி ஒன்றாக மன்றத்துக்குப் போவார்கள், வாக்களிப்பார்கள், இரவில் மறுபடி அங்கேயே வந்து உட்கார்வார்கள். சுருட்டுப் புகை மேல்தளத்துக்கு ஏறியதால், எலினோர் குழந்தைகளை இன்னொரு மாடி மேலே மாற்றினார்.

ஒருநாள் ஷீஹனே மனைவியோடு அந்த வீட்டுக்கு மதிய உணவுக்கு வந்தார். சாப்பிட்டு முடித்ததும் ஆண்கள் இருவரும் ஓர் அறைக்குள் போய்விட்டார்கள். எலினோர் திருமதி ஷீஹனோடு என்ன பேசுவது என்று தெரியாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். விருந்தாளிகள் போனதும் கணவரிடம் கேட்டார், ஏதாவது உடன்பாடு வந்ததா என்று. நிச்சயமாக இல்லை என்று பதில்.

இப்படியே 74 நாட்கள்.

வழிப்போக்கன்:
ஐயா, அந்த 74 நாட்களில் அணியில் இருந்த மற்றவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருவர் சிறிய ஊர்ப் பத்திரிகை நடத்தி வந்தார், அரசு அறிவிப்புகளை அச்சடித்துத்தான் பிழைப்பு. அந்த வேலை நின்றுபோனது. ரூஸ்வெல்ட்டை யாரும் அப்படி மிரட்ட முடியாது, ஏனென்றால் அவர் யாரிடமும் சம்பளத்துக்கோ கடனுக்கோ கைகட்டி நின்றதில்லை. எலினோரே பின்னாளில் தன் வாழ்க்கைக் கதையில் இந்த அனுபவத்தைச் சொல்கிறார்: சோற்றுக்குப் பதவியையே நம்பியிருக்கும் ஆள் மக்கள் தொண்டனாக இருக்க முடியாது, அடிமையாகத்தான் இருக்க வேண்டியிருக்கும் என்று அங்கேதான் புரிந்துகொண்டாராம். சரியான கவனிப்பு. ஆனால் அந்தத் தர்க்கப்படி பார்த்தால் ஏழை வீட்டுப் பிள்ளை நேர்மையான அரசியல்வாதியாக இருக்கவே முடியாது என்று ஆகிவிடும். அதை நான் ஏற்கமாட்டேன். ஆல்பனியிலேயே அதற்கு மறுப்பு உட்கார்ந்திருந்தது, பெயர் ஆல் ஸ்மித்.

கரிசல்காடு:
ஸ்மித்துக்குத் தேன்மொழி அக்கா வருவார் என்று எதிர்பார்க்கிறேன். அதற்குள் ஷீஹன் கதையின் முடிவையும் யாராவது சொல்லிவிடுங்கள். எப்படி முடிந்தது என்பதில்தான் சண்டையே.

ஏட்டுச்சுவடி:
சொல்கிறேன். மார்ச் கடைசி வாரத்தில் மர்ஃபி ஷீஹனைக் கைவிட்டார். பதிலுக்கு முன்வைத்த பெயர் நீதிபதி ஜேம்ஸ் ஓ'கோர்மன். நல்ல நீதிபதி என்று பெயர் எடுத்தவர், தனிப்பட்ட நேர்மையில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் அவரும் டமானி ஹாலின் முன்னாள் தலைமைப் பொறுப்பாளர். மார்ச் 29 அதிகாலையில் தலைமைச் செயலகக் கட்டடத்தில் தீப்பிடித்தது. மாநில நூலகத்தின் லட்சக்கணக்கான நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் எரிந்துபோயின. சட்டமன்றம் ஆல்பனி நகர மண்டபத்துக்கு இடம் மாறியது. களைத்துப்போன அதிருப்தி அணியினரில் பெரும்பாலோர், பழிவாங்கமாட்டோம் என்று எதிர்த்தரப்பு வாக்குக் கொடுத்த பிறகு, ஓ'கோர்மனை ஏற்றுக்கொண்டார்கள். மார்ச் 31-இல் ரூஸ்வெல்ட்டும் அவருக்கே வாக்களித்தார். அவர் எழுந்து பேசியபோது டமானி உறுப்பினர்கள் சீழ்க்கையடித்துக் கேலி செய்தார்கள்.

தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு: ஒரு டமானி ஆளைத் தடுத்து இன்னொரு டமானி ஆளை அனுப்பினார்கள் என்று. என்னைப் பொறுத்தவரை அது வெற்றிதான். மேலிடம் சொன்ன பெயரை இரண்டரை மாதம் தடுத்து நிறுத்தி, கடைசியில் அந்தப் பெயரையே திரும்பப் பெறச் செய்தார்கள். நாடு முழுக்கப் பத்திரிகைகளில் இது ஓடியது. சட்டமன்றத்தின் வழியாக செனட்டர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை எவ்வளவு அழுகிப்போயிருக்கிறது என்று ஊரே பார்த்தது. 1913-இல் அமெரிக்க அரசியலமைப்பின் 17-ஆவது திருத்தம் வந்து நேரடித் தேர்தல் நடைமுறைக்கு வந்ததற்கு இதுபோன்ற கூத்துகள் பல மாநிலங்களில் நடந்ததும் ஒரு காரணம்.

தேன்மொழி:
கூப்பிட்டதற்கு நன்றி தம்பி. ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன அதே வாரத்துக்கே நான் திரும்பிப் போகிறேன். மார்ச் 29-இல் நூலகம் எரிந்தது. அதற்கு நான்கு நாள் முன்பு, மார்ச் 25 சனிக்கிழமை மாலை, நியூயார்க் நகரத்தில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்தது. 146 பேர் செத்தார்கள். பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடியேறிகளின் மகள்கள், பதினாறு பதினேழு வயதுப் பெண்கள். ஒரு கதவு பூட்டியிருந்தது. தீயணைப்பு ஏணி அந்த மாடி வரை எட்டவில்லை. ஜன்னலிலிருந்து குதித்தார்கள். தெருவில் நின்று அதைக் கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் பிரான்சிஸ் பெர்கின்ஸ், அப்போது நுகர்வோர் சங்கம் ஒன்றில் வேலை பார்த்துவந்த முப்பது வயதுப் பெண்.

அந்த வாரம் ஆல்பனியில் நம் கதாநாயகர் எந்த நீதிபதியை வாஷிங்டனுக்கு அனுப்புவது என்ற பேரத்தில் இருந்தார். அந்த ஒரு வாரத்தை வைத்து மட்டும் நான் குறை சொல்லவில்லை. அதற்கு அடுத்த இரண்டு ஆண்டுகளைப் பாருங்கள். சட்டமன்றம் தொழிற்சாலை விசாரணை ஆணையம் அமைத்தது. தலைவர் ராபர்ட் வாக்னர், துணைத் தலைவர் ஆல் ஸ்மித். ஒருவர் சிறு வயதில் ஜெர்மனியிலிருந்து வந்த குடியேறி. இன்னொருவர் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு ஃபுல்டன் மீன் சந்தையில் வேலை பார்த்தவர். இரண்டு பேரும் டமானி. இரண்டு பேரும் பெர்கின்ஸோடு மாநிலம் முழுக்கத் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்து பார்த்தார்கள். தீ வெளியேறும் வழி, வேலை நேரம், குழந்தைத் தொழிலாளர் என்று சட்டத்துக்கு மேல் சட்டம் வந்தது. இந்த வேலையில் ரூஸ்வெல்ட் பெயரைத் தேடினால் கிடைப்பது மிகக் குறைவு.

இப்போது 1912-இன் 54 மணி நேர மசோதா. பெண்களின் வேலை நேரம் அப்போது வாரத்துக்கு 60 மணி வரை போகலாம். அதை 54 ஆகக் குறைக்க வேண்டும் என்பது கோரிக்கை. கூட்டத்தொடரின் கடைசி இரவு. ஆதரிப்பது போல் காட்டி மசோதாவைச் சாகடிக்க மேலிடம் ஏற்பாடு செய்திருந்தது. பழம், காய்கறி டப்பாத் தொழிற்சாலைகளுக்கு விலக்கு கொடுத்தால்தான் நிறைவேறும் என்ற நிலை. பெர்கின்ஸ் தன் பொறுப்பில் அந்த விலக்கை ஏற்றார், லட்சக்கணக்கான மற்ற பெண்களுக்காவது கிடைக்கட்டும் என்று. ஆனால் வாக்கு போதவில்லை. ஆதரவாளரான டிம் சல்லிவன், நியூயார்க் நகருக்குப் போகும் இரவுப் படகுக்குக் கிளம்பிவிட்டார். ஆள் அனுப்பித் திரும்ப வரவழைத்தார்கள். அவரும் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரரும் மேட்டில் மூச்சிரைக்க ஓடிவந்து வாக்களித்தார்கள். மசோதா நிறைவேறியது. சல்லிவன் சூதாட்டத்திலும் கள்ள வாக்கிலும் பெயர்போன ஆள். ஆனால் அவர் பெர்கின்ஸிடம் சொன்ன காரணம்: என் அக்கா சின்ன வயதிலேயே வேலைக்குப் போனவள்.

ரூஸ்வெல்ட் அந்த வாக்கெடுப்பில் இல்லை. இந்த மசோதாவுக்காக அவர் பாடுபட்டதாகப் பின்னாளில் ஒரு கதை பரவியது. பெர்கின்ஸ் அதை மறுத்து எழுதினார். அவ்வளவு துடிப்பான இளைஞர் இதில் அக்கறை காட்டாதது தன்னை வருத்தியது, ஊழல்காரர் என்று பெயரெடுத்த சல்லிவனுக்கு இருந்த இரக்கம்கூட இவரிடம் இல்லையே என்று.

செவ்வந்தி:
தேன்மொழி அக்கா, பெர்கின்ஸின் அந்த வருணனை எனக்கும் மறக்கவில்லை. மூக்குக் கண்ணாடி, சற்றே உயர்த்திய தலை, மற்றவர்களை மேலிருந்து பார்ப்பது போன்ற பார்வை. செனட் மண்டபத்தில் இரண்டு மூன்று பேர் பேச வந்தாலும் சிரிப்பே இல்லாமல் நிற்பாராம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அவருடைய தொகுதி முழுக்க முழுக்க விவசாயப் பகுதி. டப்பாத் தொழிற்சாலைக்குக் காய்கறி விற்கும் விவசாயிகளும் அங்கே இருந்திருப்பார்கள். நகரத் தொழிலாளி அவருக்கு வாக்களிப்பவர் அல்ல. சட்டமன்ற உறுப்பினர் தன் தொகுதியைப் பார்ப்பது குற்றமா?

தேன்மொழி:
குற்றம் இல்லை தங்கச்சி. ஆனால் ஷீஹன் விவகாரத்தில் "இது தொகுதிப் பிரச்சினை அல்ல, கொள்கைப் பிரச்சினை" என்று 74 நாள் நின்றவருக்கு இதில் மட்டும் தொகுதி ஞாபகம் வந்தது என்றால் எனக்கு ஒப்பவில்லை. இன்னொன்று, ஷீஹன் எதிர்ப்பில் ஐரிஷ் கத்தோலிக்கர்கள்மேல் உள்ள வெறுப்பு கலந்திருக்கிறது என்று அன்றே குற்றச்சாட்டு எழுந்தது. சிரக்யூஸ் ஆயரே அப்படிச் சொன்னார். ரூஸ்வெல்ட் அணி அதைக் கடுமையாக மறுத்தது, அணியிலேயே கத்தோலிக்கர்கள் இருந்தார்கள். ஆனாலும் ஹட்சன் நதிக்கரைப் பண்ணை வீட்டுக்காரர் "தலைவர்களின் ஆட்சி ஒழிக" என்று முழங்கும்போது, நியூயார்க் நகரத்தின் கீழ்க்கிழக்குப் பகுதிச் சேரிவாசிக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? நிலக்கரி வாங்கப் பணம் இல்லாத குளிர்காலத்தில் அவன் வீட்டுக்கு நிலக்கரி அனுப்பியது டமானி ஆள்தானே.

கரிசல்காடு:
இங்கே தியோடரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவரும் அதே வர்க்கம், அதே பெயர், இன்னும் இளையவர். அசெம்பிளிக்குள் நுழைந்தபோது வயது 23. குடியிருப்புகளுக்குள்ளேயே சுருட்டு செய்வதைத் தடைசெய்யும் மசோதா வந்தபோது, அவரும் முதலில் எதிர்க்கும் எண்ணத்தில்தான் இருந்தார். வீட்டுக்குள் ஒருவன் என்ன செய்கிறான் என்பதில் அரசுக்கு என்ன வேலை என்று. தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் அவரை நேரில் வந்து பார்க்கச் சொன்னார். போனார். ஒரே அறையில் இரண்டு குடும்பங்கள், மூலையெல்லாம் புகையிலைக் குவியல், அதன் பக்கத்திலேயே சமையலும் குழந்தைகளும். பார்த்துவிட்டு வந்து மசோதாவை ஆதரித்துப் பேசினார். அந்தச் சட்டத்தை 1885-இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது, அது வேறு கதை. ஆக, வர்க்கம் கண்ணை மறைக்கும் என்பது விதி அல்ல. போய்ப் பார்த்தவருக்குத் தெரிந்தது. பிராங்க்ளின் 1911-இல் போய்ப் பார்க்கவில்லை.

காட்டுப்பாதை:
இழையில் புதிதாக நுழைகிறேன், மன்னிக்கவும். தொழிலாளர் விஷயத்தில் தேன்மொழி அம்மா சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் யாரும் காட்டைப் பற்றிப் பேசவில்லையே.

ரூஸ்வெல்ட் மாநில செனட்டில் வனம், மீன், வேட்டை விலங்குக் குழுவின் தலைவர். அவருடைய சட்டமன்றப் பணியில் உண்மையிலேயே மனம் ஒன்றிச் செய்தது இதுதான் என்று நினைக்கிறேன். அமெரிக்க வனத்துறையை உருவாக்கிய கிஃபோர்ட் பின்ஷோவை ஆல்பனிக்கு அழைத்து, உறுப்பினர்கள் முன்னால் படம் காட்டிப் பேசவைத்தார். அதில் இரண்டு படங்கள். முதலாவது, சுமார் 1510-இல் சீனாவில் வரைந்த ஒரு பள்ளத்தாக்கின் ஓவியம்: மலையெல்லாம் மரம், கீழே ஆறு, கரையில் செழிப்பான ஊர். இரண்டாவது, 400 ஆண்டு கழித்து அதே இடத்தில் எடுத்த புகைப்படம்: மொட்டை மலை, கல் நிறைந்த ஓடை, பாழடைந்த ஊர். இதைப் பார்த்ததை ரூஸ்வெல்ட் கடைசி வரை மறக்கவில்லை, பல இடங்களில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

தனியார் நிலத்திலும் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தும் மசோதாவைக் கொண்டுவந்தார். மர வியாபாரிகள் விடவில்லை. அந்தப் பிரிவு கழன்ற பிறகே மீதி தேறியது. 1912 மார்ச் 3-ஆம் தேதி டிராய் நகரத்தில் அவர் பேசிய உரையைப் பாருங்கள். தனிமனித சுதந்திரத்துக்கான போராட்டம் பெரும்பாலும் முடிந்துவிட்டது, இனி சமூகத்தின் சுதந்திரத்துக்கான காலம் என்பது சாரம். எடுத்துக்காட்டு காடுதான்: தன் நிலத்து மரம் என்பதற்காக ஒருவன் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளினால் அடுத்தவன் நிலத்தில் மண் அரிக்கும், நீர் வற்றும், அப்படியானால் சமூகத்துக்குச் சொல்ல உரிமை உண்டு என்றார். 1933-இல் வேலையில்லா இளைஞர்களை லட்சக்கணக்கில் காட்டுக்கு அனுப்பி மரம் நடவைத்த திட்டத்தின் விதை அங்கே கிடக்கிறது.

ஹைட் பார்க்கில் சொந்த நிலத்திலும் 1912-இல் நடத் தொடங்கினார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மேல். அதிபரான பிறகும் தன் தொழில் மரம் வளர்ப்பு என்றே சொல்லிக்கொண்டவர்.

வழிப்போக்கன்:
காட்டுப்பாதை, நல்ல பதிவு. டிராய் உரை எனக்கும் முக்கியமாகப் படுகிறது. அந்த உரையில் காட்டுக்குச் சொன்னதைத் தொழிற்சாலைக்கும் சொல்லியிருக்கலாம். பூட்டிய கதவும் தனியார் சொத்துதானே? தர்க்கம் கையில் இருந்தது. ஆனால் அந்த மாதக் கடைசியில்தான் 54 மணி நேர மசோதாவின் வாக்கெடுப்பு வந்தது.

தேன்மொழி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், வழிப்போக்கன் முந்திக்கொண்டார்.

ஏட்டுச்சுவடி:
1912 தேர்தலையும் சொல்லாமல் விடக்கூடாது. மறுபடி அதே தொகுதியில் நின்றார். ஆனால் தேர்தல் நேரத்தில் டைஃபாய்டு காய்ச்சலில் படுத்துவிட்டார். ஒரு கூட்டத்தில்கூடப் பேசவில்லை. பிரசாரத்தை நடத்தியது லூயி ஹோ என்ற ஆல்பனி நிருபர். ஷீஹன் சண்டையின்போது செய்தி சேகரிக்க வந்து, இந்த ஆளிடம் ஏதோ இருக்கிறது என்று நம்பிவிட்டவர். அந்த 1912-லேயே கடிதத்தில் வருங்கால அதிபர் என்று விளித்து எழுதியிருக்கிறார்.

ஹோ செய்த வேலையைக் கவனியுங்கள். உள்ளூர்ப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம். விவசாயிகளுக்கு ரூஸ்வெல்ட் நேரில் எழுதியதுபோல் ஆயிரக்கணக்கில் கடிதம். ஆப்பிள் பீப்பாயின் அளவு பற்றி ஒரு வாக்குறுதி, ஏனென்றால் அளவுக் குளறுபடியில் நட்டப்பட்டது விவசாயி. நகரத்துத் தரகு மண்டிக்காரர்கள் விலையில் ஏமாற்றுவதைத் தடுக்கச் சட்டம் என்று இன்னொன்று. ஹட்சன் ஆற்றில் ஷாட் மீன் பிடிப்பவர்களுக்கு உரிமக் கட்டணத்தைக் குறைப்போம் என்று மூன்றாவது. குடியரசுக் கட்சி வாக்கு அந்த ஆண்டு இரண்டாகப் பிரிந்திருந்தது, தியோடரின் புதிய கட்சியும் தனியாக ஆள் நிறுத்தியது. பெரியண்ணன் செய்த பிளவில் தம்பி ஜெயித்தார் என்றுகூடச் சொல்லலாம். ஜெயித்துப் போய் வேளாண் குழுத் தலைவரானார். ஆனால் வாக்குறுதிகளை முடிக்க இருக்கவில்லை. 1913 மார்ச் 17-இல் கடற்படைத் துணைச் செயலராகப் பதவியேற்று வாஷிங்டன் போய்விட்டார். அதுவும் தியோடர் 1897-இல் வகித்த அதே பதவி.

வழிப்போக்கன்:
பார்த்தீர்களா, அந்தப் பதவி ஒரு குடும்பச் சொத்து மாதிரியே ஆகிவிட்டது. தியோடர், பிராங்க்ளின், பிறகு தியோடரின் மகன் தியோடர் ஜூனியர், தியோடரின் தங்கை மகன் தியோடர் டக்ளஸ் ராபின்சன், ஹென்றி ரூஸ்வெல்ட் என்று ஐந்து பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

செவ்வந்தி:
குடும்பம் என்று பேச்சு வந்ததால் தியோடர் ஜூனியருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடுகிறேன். அவரும் நியூயார்க் அசெம்பிளியில் இருந்தார். 1920-இல் சோஷலிஸ்ட் கட்சியைச் சேர்ந்த ஐந்து உறுப்பினர்களை, முறைப்படி ஜெயித்து வந்தவர்களை, அவை வெளியேற்றியது. கம்யூனிஸ்ட் பீதி உச்சத்தில் இருந்த நேரம். சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சியே முன்னின்று செய்த காரியம். புதுமுகமாக இருந்தும் அவர் எழுந்து நின்று இது தவறு என்று பேசினார், எதிர்த்து வாக்களித்தார். அந்த வாக்கால் அவருக்கு எந்த லாபமும் இல்லை. எனக்கு அது ஷீஹன் சண்டையைவிடப் பெரிதாகப் படுகிறது.

தியோடரின் தங்கை மகள் கோரின் ஆல்சப் கனெக்டிகட் மாநிலச் சட்டமன்றத்துக்கு 1924-இல் தேர்வானார். பெண்களுக்கு வாக்குரிமை வந்து நான்கே ஆண்டுகளில். அவரைப் பற்றி யாரும் எழுதுவதே இல்லை.

கரிசல்காடு:
செவ்வந்தி, கோரின் ஆல்சப்புக்குத் தனி இழையே தொடங்கலாம்.

பிராங்க்ளின் விஷயத்தில் கடைசியாக ஒன்று. 1914-இல் நாடாளுமன்ற செனட்டுக்கான கட்சித் தேர்தலில் நின்று, டமானி ஆதரித்த ஜேம்ஸ் ஜெரார்டிடம் படுதோல்வி. அதற்குப் பிறகு வழி மாறினார். 1917 ஜூலை 4-இல் டமானி ஹால் மேடையிலேயே பேசினார். 1924-இல் ஆல் ஸ்மித்தை அதிபர் வேட்பாளராக முன்மொழிந்தார். 1928-இல் ஸ்மித் கேட்டுக்கொண்டதால்தான் ஆளுநர் தேர்தலில் நின்றார். ஆளுநரானதும் பெர்கின்ஸை மாநிலத் தொழில் துறை ஆணையராக்கினார். 1933-இல் அவரையே நாட்டின் தொழிலாளர் அமைச்சராக்கினார், அமெரிக்க அமைச்சரவையில் முதல் பெண். 1935-இன் தொழிலாளர் உறவுச் சட்டத்துக்கு வாக்னர் பெயர். 1938-இல் வேலை நேரத்துக்கும் குறைந்தபட்சக் கூலிக்கும் நாடு தழுவிய சட்டம்.

தேன்மொழி:
தம்பி, அந்தப் பட்டியலோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிபராக இருந்தபோது அவரே பெர்கின்ஸிடம் சொன்னார், அரசியலுக்கு வந்த புதிதில் நான் ரொம்ப மோசமான ஆளாக இருந்தேன் என்று. பெர்கின்ஸ் அதை மறுக்கவில்லை என்பது அவருடைய நினைவுக் குறிப்பைப் படித்தால் தெரியும். இடையில் 1921-இல் போலியோ வந்து கால்கள் போயின. அந்த நோய்தான் அவரை மாற்றியது என்று பெர்கின்ஸ் உறுதியாக நம்பினார். நான் அதோடு ஆல்பனியையும் சேர்ப்பேன். ஸ்மித்தும் வாக்னரும் ஒரு சட்டத்தை வரி வரியாக எப்படிக் கொண்டுபோனார்கள் என்று பக்கத்து இருக்கைகளிலிருந்து பார்த்த அனுபவம் அது. அன்று அவர் கைகொடுக்கவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழிப்போக்கன்:
அதை நான் ஏற்கிறேன் அக்கா. ஆனால் அப்படிக் கற்றுக்கொள்ள அவருக்கு இருபது ஆண்டு அவகாசம் கிடைத்தது. 1914-இல் அப்படித் தோற்ற சாதாரணக் குடும்பத்து ஆள் ஒருவர் ஊருக்குத் திரும்பி வக்கீல் தொழில் பார்க்கப் போயிருப்பார். இவருக்கு 1920-இல் துணை அதிபர் வேட்பாளர் வாய்ப்பே வந்தது.

கரிசல்காடு:
இதற்கு என்னிடம் பதில் இல்லை, நீங்கள் சொல்வது சரி. அடுத்து ஆல் ஸ்மித்தின் அசெம்பிளி ஆண்டுகளுக்கு, அதாவது 1904 முதல் 1915 வரைக்கும், தனி இழை தொடங்குகிறேன். தேன்மொழி அக்கா, விசாரணை ஆணையம் பற்றி நீங்கள்தான் முதல் பதிவு போட வேண்டும்.